ஆர்னோஸ் வேல்: பூட்டு விழவிருந்த ஒரு விக்டோரியா கால இடுகாடு

எதைப் பற்றிய பதிவு

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், பாத் சாலையை ஒட்டி மேலேறும் சரிவில், 45 ஏக்கரில் ஆர்னோஸ் வேல் என்ற இடுகாடு இருக்கிறது. ராஜா ராம்மோகன் ராயின் சமாதி இருக்கும் இடம் என்பதால் நம்மில் சிலர் பெயரையாவது கேள்விப்பட்டிருப்போம். 1839இல் பயன்பாட்டுக்கு வந்த இடுகாடு இது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் தனியார் சொத்தாகவே இருந்தது. 1987இல் அதில் ஒரு பகுதி வீட்டுமனை ஆகும் நிலை வந்தது. 1998இல் கேட்டுக்குப் பூட்டு விழும் நிலை. 2003இல் மாநகராட்சியின் கைக்கு மாறியது, 2010இல் சீரமைப்பு முடிந்தது.

இடைப்பட்ட ஆண்டுகளில் என்னென்ன முடிவுகள் எடுக்கப்பட்டன, ஏன் எடுக்கப்பட்டன என்பதுதான் இங்கே பதிவு. கடைசி உரிமையாளர், தன்னார்வலர்கள், அதிகாரிகள் யாருடைய பெயரும் இதில் வராது. அங்கே புதைக்கப்பட்டவர்களும் அவர்களோடு நேரடித் தொடர்புள்ள வரலாற்று மனிதர்களும்தான் பெயரோடு வருகிறார்கள்.

பழைய இடுகாட்டைக் காப்பாற்றுவது பற்றிப் பேச்செடுத்தால், "அங்கே யாரெல்லாம் இருக்கிறார்கள் தெரியுமா?" என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிப்பார்கள். ஆர்னோஸ் வேலில் பெரிய பெயர்களுக்குக் குறைவில்லை. ஆனால் இடம் பிழைத்ததில் அந்தப் பெயர்களின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு என்பது என் கணிப்பு. அதற்கான காரணங்கள் போகப்போக வரும்.

பின்னணி: 1837இல் தொடங்கிய வியாபாரம்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து நகரங்களில் இறந்தவர்களைப் புதைக்கத் தேவாலய வளாகத்தை விட்டால் வேறு இடம் அதிகம் கிடையாது. மக்கள்தொகை பெருகப் பெருக அந்த வளாகங்கள் நிரம்பி வழிந்தன. ஒருவரைப் புதைத்த இடத்திலேயே மேலே இன்னொருவர், அவருக்கும் மேலே இன்னொருவர். 1832இல் காலரா வந்தபோது நிலைமை இன்னும் மோசமானது. பாரிஸில் 1804இலேயே பெர் லஷேஸ் என்ற தோட்ட இடுகாடு ஊருக்கு வெளியே திறக்கப்பட்டிருந்தது. லண்டனில் 1833இல் கென்சல் கிரீன் வந்தது, அடுத்த பத்தாண்டுகளுக்குள் ஹைகேட், நன்ஹெட், ஆப்னி பார்க் என்று வரிசையாக வந்தன. இவற்றை நடத்தியவை பங்கு நிறுவனங்கள். பங்கு போட்டவர்களுக்கு லாபம் கொடுக்க வேண்டும், அதற்காகத்தான் ஆரம்பித்தார்கள்.

பிரிஸ்டலிலும் அப்படித்தான். 1837இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் பிரிஸ்டல் பொது இடுகாட்டு நிறுவனம் அமைந்தது. கட்டடக்கலைஞர் சார்ல்ஸ் அண்டர்வுட் பழைய கிரேக்கத் தோட்டம் ஒன்றை மனதில் வைத்து இடத்தை வடிவமைத்தார். சாலையோரம் தடித்த டோரிக் தூண்களோடு இரண்டு காவல் வீடுகள். உள்ளே இரண்டு பிரார்த்தனைக் கூடங்கள்: இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் திருச்சபையாருக்கு மணிக்கோபுரம் வைத்த இத்தாலிய பாணிக் கூடம் ஒன்று, அந்தத் திருச்சபையில் சேராத பிற கிறிஸ்தவர்களுக்கு அயோனிக் தூண்களோடு கிரேக்கக் கோயில் போல இன்னொன்று. நிலமும் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு பாதி பிஷப் அபிஷேகம் செய்தது, மறுபாதி செய்யாதது. செத்த பிறகும் பிரிவினையா என்று நமக்குத் தோன்றலாம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அந்த இரண்டாவது பாதி இருந்ததே பெரிய முன்னேற்றம். வேறு சபையினரும் தங்கள் முறைப்படி அடக்கம் செய்ய ஊரில் பொதுவாக ஓர் இடம் கிடைத்தது.

அங்கே உறங்குபவர்கள்

ராம்மோகன் ராய் 1831இல் இங்கிலாந்து போனார். முகலாயப் பேரரசர் இரண்டாம் அக்பர் அவருக்கு 'ராஜா' பட்டம் கொடுத்து, கிழக்கிந்தியக் கம்பெனி தரும் உதவித்தொகையைக் கூட்டிக் கேட்பதற்காகத் தூதராக அனுப்பினார். உடன்கட்டைத் தடையை எதிர்த்து லண்டனில் நடந்த மேல்முறையீட்டையும் அவர் கவனிக்க வேண்டியிருந்தது. அது 1832இல் தள்ளுபடி ஆனது. 1833 செப்டம்பரில் பிரிஸ்டலை அடுத்த ஸ்டேப்பிள்டனில் நண்பர்கள் வீட்டில் தங்கியிருந்தபோது காய்ச்சல் கண்டு, அந்த மாதம் 27ஆம் தேதி இறந்துபோனார்.

இங்கே ஒரு சிக்கல். கிறிஸ்தவ இடுகாட்டில், கிறிஸ்தவச் சடங்கோடு புதைத்தால், சாதியை இழந்தவர் என்று சொல்லி ஊரில் அவருடைய வாரிசுகளின் சொத்துரிமைக்கே வம்பு வரலாம். அதை முன்கூட்டியே யோசித்து, அப்படிச் செய்ய வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தார். அதனால் அந்த வீட்டுத் தோட்டத்திலேயே, எல்ம் மரங்களுக்குக் கீழே, அக்டோபர் 18ஆம் தேதி எந்தச் சடங்கும் பேச்சும் இல்லாமல் அவரைப் புதைத்தார்கள். தனியார் தோட்டம் எத்தனை நாளைக்குப் பாதுகாப்பு? 1842இல் இங்கிலாந்து வந்த துவாரகாநாத் தாகூர் (ரவீந்திரநாத்தின் தாத்தா) தன் நண்பருக்கு முறையான சமாதி வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். 1833இல் இல்லாத பொது இடுகாடு 1843இல் பிரிஸ்டலில் இருந்தது. அந்த ஆண்டு மே மாதம் உடல் ஆர்னோஸ் வேலுக்கு மாற்றப்பட்டது. அதன் மேல் வில்லியம் பிரின்செப் வரைந்து கொடுத்தபடி, வங்காளக் கட்டடச் சாயலில் தூண்கள் தாங்கும் சத்ரி, அதாவது குடை போன்ற மண்டபம், எழும்பியது. சுற்றிலும் சிலுவைகளும் தேவதைகளும் நிற்க, நடுவில் இது தனியாகத் தெரியும்.

ராம்மோகன் ராயை இளம் வயதில் நேரில் பார்த்து, வாழ்நாள் முழுக்க அந்தப் பாதிப்போடு இருந்தவர் மேரி கார்ப்பென்டர். பிரிஸ்டலில் யூனிடேரியன் (கடவுள் ஒருவரே, மூவொருமை இல்லை என்னும் கிறிஸ்தவப் பிரிவு) போதகர் லான்ட் கார்ப்பென்டரின் மகள். 1846இல் ஏழைச் சிறுவர்களுக்குப் பள்ளி, 1854இல் தவறு செய்த சிறுமிகளுக்குச் சீர்திருத்தப் பள்ளி என்று தொடங்கியவர், அறுபது வயதை நெருங்கும்போது, 1866இல், முதல் தடவையாக இந்தியா வந்தார். அந்தப் பயணத்தில் சென்னைக்கும் வந்து பெண்கல்வி பற்றிப் பேசினார். அதன் பிறகு இன்னும் மூன்று முறை இந்தியா வந்துபோனார். பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சென் 1870இல் பிரிஸ்டல் போனபோது, அவரோடு சேர்ந்து தேசிய இந்தியச் சங்கத்தை நிறுவியவரும் இவரே. 1877இல் இறந்து இதே இடுகாட்டில் அடக்கமானார்.

ஜார்ஜ் முல்லர் பிரஷ்யாவில் பிறந்தவர். ஆஷ்லி டவுனில் ஐந்து பெரிய கட்டடங்கள் எழுப்பி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அனாதைக் குழந்தைகளை வளர்த்தார். யாரிடமும் வாய் திறந்து நன்கொடை கேட்பதில்லை, பிரார்த்தனை மட்டும்தான் என்பது அவர் கொள்கை. 1898இல் அவருடைய இறுதி ஊர்வலத்துக்கு ஊரே திரண்டது. கையேந்தாத மனிதர் படுத்திருக்கும் மண்ணைக் காப்பாற்ற, நூறு ஆண்டு கழித்துத் தெருத்தெருவாகக் கையேந்த வேண்டியிருந்தது!

கிரைமியப் போரில் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கிய கிரோனோ டேவிஸ் இங்கேதான் இருக்கிறார். இரண்டு உலகப் போர்களில் இறந்த சிப்பாய்களுக்கு 'சோல்ஜர்ஸ் கார்னர்' என்று தனிப் பகுதி உண்டு. இவர்களைத் தவிர, தமிழ்நாட்டிலோ இங்கிலாந்திலோ யாரும் கேள்விப்படாத பெயர்களோடு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். இந்தக் கடைசி எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

வருமானம் வறண்ட விதம்

இடுகாட்டு நிறுவனத்தின் வியாபாரத்தில் பிறவிக் கோளாறு ஒன்று இருந்தது. கல்லறைக்கு உரிய மனையை 'என்றென்றைக்கும்' என்று எழுதிக்கொடுத்து விற்றார்கள். பணம் ஒரே தடவை வரும். பராமரிப்புச் செலவோ வருஷா வருஷம், முடிவே இல்லாமல். மனை விற்கும் வரை லாபம் காட்டலாம். விற்று முடிந்த அன்றைக்கு வருமானம் நின்றுபோகும், புல் வளர்வது நிற்காது.

இதோடு வேறு இரண்டு அடிகளும் விழுந்தன. 1850களின் சட்டங்களுக்குப் பிறகு உள்ளூர் ஆட்சி மன்றங்களே குறைந்த கட்டணத்தில் இடுகாடு திறக்க முடிந்தது. அடுத்தது தகனம். 1902இல் அதற்கெனத் தனிச் சட்டம் வந்தது, 1960களின் பிற்பகுதியில் பிரிட்டனில் இறப்பவர்களில் பாதிக்கு மேல் எரியூட்டப்படும் நிலை வந்துவிட்டது. ஆர்னோஸ் வேல் நிறுவனம் இதை ஓரளவு முன்பே புரிந்துகொண்டது என்றே சொல்ல வேண்டும். 1928இல் வளாகத்துக்குள்ளேயே தகன நிலையம் ஒன்றைக் கட்டியது. அடுத்த எழுபது ஆண்டு அந்த வருமானம் இடுகாட்டைத் தாங்கியது. அப்புறம் அதுவும் தடுமாறியது.

மற்ற ஊர்களிலும் இதே கதைதான். லண்டனில் நன்ஹெட் 1969இல் மூடப்பட்டு, பிறகு உள்ளூர் மன்றத்தால் ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கப்பட்டது. ஹைகேட்டைக் காக்க 1975இல் நண்பர்கள் சங்கம் உருவானது.

1987: வீட்டுமனைத் திட்டம்

1987இல் அப்போதைய உரிமையாளர், இடுகாட்டின் ஒரு பெரும் பகுதியில் கல்லறைகளைத் தோண்டியெடுத்து அகற்றி, வீடு கட்ட விற்கும் திட்டத்தை வெளியிட்டார். அதே ஆண்டு லண்டனில் ஒரு மன்றம் பராமரிப்புச் செலவைத் தலைமுழுக மூன்று இடுகாடுகளை மொத்தம் 15 பென்னிக்கு விற்று, நாடே சிரித்தது. அப்போது இடுகாடு என்றால் எல்லோருக்கும் சுமை, நிலம் என்றால் பணம்.

உரிமையாளர் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு புரியும். செலவு இருக்கிறது, வரவு இல்லை, நகரத்துக்குள் 45 ஏக்கர் சும்மா கிடக்கிறது. ஆனால் இங்கிலாந்தில் பயன்பாட்டில் இல்லாத இடுகாட்டின் மேல் கட்டடம் எழுப்ப 1884ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருந்தது. 1981இல் வந்த திருத்தம் அதைக் கொஞ்சம் தளர்த்தியது. கடந்த 50 ஆண்டுகளுக்குள் அங்கே அடக்கம் நடந்திருந்தால், இறந்தவரின் உறவினர் ஆட்சேபித்தாலே கட்ட முடியாது என்பது அதில் உள்ள நிபந்தனை.

புகழ் பெற்றவர்கள் எவ்வளவு தூரம் உதவினார்கள் என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. ராம்மோகன் ராய்க்கோ முல்லருக்கோ கல்லறை வாசலில் நின்று சண்டை போடப் பேரன் பேத்திகள் பிரிஸ்டலில் வரிசையாக இல்லை. அம்மாவை 1962இல் புதைத்த மகளும், ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் கல்லுக்குப் பூ கொண்டுவரும் மகனும் இருந்தார்கள். இவர்களும் அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்களும் பழமை ஆர்வலர்களும் சேர்ந்து இடுகாட்டைப் பாதுகாக்கச் சங்கம் அமைத்தார்கள். கூட்டம், மனு, பத்திரிகைச் செய்தி என்று எதிர்ப்பு கிளம்பியது. வீடுகள் வரவில்லை. வீடு வராததால் இடுகாடு பிழைத்துவிட்டது என்று அர்த்தமும் இல்லை. அடுத்த பத்தாண்டு யாரும் பணம் போடாமல் அப்படியே கிடந்தது.

1998: கண்ட நிலை

1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் தகன நிலையங்களின் புகைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பழைய உலைகளை மாற்றியாக வேண்டும், இல்லையென்றால் நிறுத்த வேண்டும். ஆர்னோஸ் வேல் தகன நிலையம் 1998இல் உரிமத்தை இழந்து நின்றது. கடைசி வருமானமும் போனது. கேட்டை மூடிவிடும் நிலை வந்தது.

அந்தச் சமயத்தில் உள்ளே நிலைமை என்ன? கூரை ஒழுகும் கூடங்கள், உடைந்த ஜன்னல்கள், முள்புதர் மூடிய பாதைகள். சரிவின் மேல்பகுதி முழுக்கக் காடாகியிருந்தது. ஒரு கல்லறைக் கல்லைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் சேதம் எப்படி நடக்கிறது என்று தெரியும். விக்டோரியா காலத்துக் கற்கள் பலவற்றில் எழுத்தைச் செதுக்கி மட்டும் விடுவதில்லை. எழுத்தின் வடிவத்துக்குள் சிறு துளைகள் போட்டு, ஈயத்தைத் தட்டி இறக்கி, மட்டம் செய்வார்கள். கல்லின் மேல் ஐவிக் கொடி படர்ந்தால் அதன் வேர்நுனிகள் ஈயத்துக்கும் கல்லுக்கும் இடையே நுழையும். ஒரு ஓரம் தூக்கிக்கொள்ளும், மழைநீர் இறங்கும், உறையும், எழுத்து விழும். கொஞ்ச காலத்தில் கல்லில் வரிசை வரிசையாகப் புள்ளித் துளைகள்தான் மிஞ்சும். ஆள் பெயரை அந்தத் துளைகளை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சிக்கமோர், ஆஷ் மரங்கள் தாமாக முளைத்துப் பருத்து, விளிம்புக் கற்களை வேரால் தூக்கி நிறுத்தின.

தன்னார்வலர்கள் எடுத்த முதல் முடிவு மிக எளிமையானது: கேட்டைத் தினமும் திறப்பது, மாலையில் மூடுவது. கல்லறைகளைத் திருத்துவதற்கோ புதர் வெட்டுவதற்கோ முன்னால் இதைச் செய்தார்கள். கேட்டு மூடிய இடுகாடு ஆறு மாதத்தில் ஊருக்கு மறந்துபோகும். குடும்பங்கள் வருவது நிற்கும். குப்பை கொட்டுபவர்களும் உலோகம் திருடுபவர்களும் சுவரேறி வருவார்கள். திறந்திருந்தால் நாலு பேர் கண் படும். சொந்தமில்லாத நிலத்தில், சம்பளமில்லாமல், முறை வைத்து ஆள் வந்து இதைச் செய்தார்கள். இந்த நிகழ்வில் எனக்கு மிகப் பெரிய முடிவாகப் படுவது இதுதான்.

மாநகராட்சியின் முன் இருந்த வழிகள்

உரிமையாளரோடு பேசிப் பழுது பார்க்கச் சொல்லலாம். அது ஏற்கெனவே பலன் தரவில்லை. விலை பேசி வாங்கலாம். ஆனால் வீட்டுமனை விலையை மனதில் வைத்திருப்பவரிடம் இடுகாட்டு விலைக்கு எப்படி வாங்குவது? சும்மா விட்டுவிடலாம். வரவுசெலவுக் கணக்கு எழுதும் அதிகாரிக்கு இது கவர்ச்சியான வழிதான், ஏனென்றால் எடுத்துக்கொண்டால் ஒன்றரை லட்சம் பேரின் கல்லறைச் சுமையும் கூடவே வரும்.

மாநகராட்சி நான்காவது வழியை, கட்டாயக் கையகப்படுத்தலை, எடுத்தது. இங்கிலாந்துச் சட்டத்தில் பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடத்தை உரிமையாளர் பாழாக விட்டால், முதலில் பழுதுபார்க்கச் சொல்லி நோட்டீஸ் கொடுத்து, அப்படியும் நடக்கவில்லையென்றால் ஆட்சி மன்றமே கையகப்படுத்தலாம். ஆர்னோஸ் வேலின் கூடங்கள், காவல் வீடுகள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தவை. சட்டம் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி கொடுத்தது அண்டர்வுட்டின் கட்டடங்கள்தான்.

2001இல் உத்தரவு, 2003இல் சொத்து கைமாற்றம். நடுவில் உரிமையாளர் தரப்பின் எதிர்ப்பைத் தாண்டி வர வேண்டியிருந்தது. அந்த இரண்டு ஆண்டும் கூரை ஒழுகிக்கொண்டேதான் இருந்தது.

இடம் கைக்கு வந்ததும் மாநகராட்சி இன்னொரு முடிவும் எடுத்தது. நேரடியாகத் தானே நடத்தாமல், அறக்கட்டளை ஒன்றிடம் பொறுப்பைக் கொடுத்தது. காரணம் பணம்தான். லாட்டரி நிதியிலிருந்தும் (தேசிய லாட்டரிப் பணத்தில் நற்பணிகளுக்கென ஒதுக்கும் பங்கு) தனியாரிடமிருந்தும் நன்கொடை திரட்ட அறக்கட்டளைக்கு வசதி அதிகம், தன்னார்வலர்களும் அதன் கீழ் வேலை செய்யத் தயங்க மாட்டார்கள்.

2003இல் பாழடைந்த கட்டடங்களைப் போட்டிக்கு நிறுத்தி, மக்கள் வாக்கால் ஒன்றுக்கு நிதி கொடுக்கும் பி.பி.சி. தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும் ஆர்னோஸ் வேல் கலந்துகொண்டது. பரிசு மான்செஸ்டரின் விக்டோரியா குளியல் இல்லத்துக்குப் போனது. தோற்றாலும் நாடு முழுக்கப் பெயர் தெரிந்தது. பிறகு லாட்டரி பாரம்பரிய நிதியிலிருந்து 48 லட்சம் பவுண்டு கிடைத்தது.

சீரமைப்பு: எதை வெட்டுவது, எதை விடுவது

பணம் வந்ததும் எல்லாப் புதரையும் வழித்தெடுத்து 1840இல் இருந்தது போல ஆக்கிவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். அப்படிச் செய்யவில்லை. கைவிடப்பட்ட காலத்தில் வளர்ந்த காட்டில் வளைக்கரடிகளும் வௌவால்களும் பறவைகளும் குடியேறியிருந்தன. இயற்கைப் பாதுகாப்பு முக்கியத்துவம் உள்ள இடமாகவும் அது மாறியிருந்தது. நுழைவாயிலைச் சுற்றிய பகுதி, கூடங்கள், முக்கியப் பாதைகள் ஆகியவற்றைப் பழைய தோற்றத்துக்குக் கொண்டுவருவது, மேல்சரிவைக் காடாகவே பராமரிப்பது என்று ஏற்பாடானது. எனக்கு இது சரியாகவே படுகிறது, ஆனாலும் காட்டுக்குள் மாட்டிக்கொண்ட கல்லறைகளின் குடும்பங்களுக்கு இது கசப்பான பதில். தங்கள் தாத்தாவின் கல்லை மூடிய மரத்தை 'வாழிடம்' என்று ஒருவர் விளக்கும்போது பொறுமையாகக் கேட்பது கடினம்.

இத்தகைய இடுகாடுகளில் தன்னார்வலர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய பாடங்களில் முதன்மையானது, ஐவியைப் பிடித்து இழுக்கக்கூடாது என்பது. பச்சைக் கொடியை இழுத்தால் கல்லின் மேல்தோலும் ஈய எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். அடித்தண்டை அறுத்துவிட்டு மாதக்கணக்கில் காயவிட வேண்டும். காய்ந்த பிறகு கையால் தட்டினாலே உதிரும். புதர் வெட்டுவதும் குளிர்காலத்து வேலைதான், மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம். சாய்ந்த கற்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்து, ஆபத்தானதைப் படுக்க வைக்க வேண்டும். இதைக் குடும்பத்துக்குச் சொல்லாமல் செய்தால் சண்டை நிச்சயம்.

கூடங்களின் கூரையும் கல்வேலையும் சரிசெய்யப்பட்டன. பழைய தகன நிலையம் இருந்த இடமும் பார்வையாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 2010இல் வேலை முடிந்தது.

சத்ரியின் தனிக் கதை

ராம்மோகன் ராயின் சமாதி இந்தப் பெரிய நிதியை மட்டும் நம்பி இருக்கவில்லை. அவர் நினைவு நாளையொட்டி ஒவ்வொரு செப்டம்பரிலும் அங்கே கூடுவது பழைய வழக்கம். 2006இல் நடந்த கூட்டத்துக்கு இந்தியத் தூதரகப் பிரதிநிதிகளும் வந்திருந்தார்கள். சமாதியின் நிலை கொல்கத்தா வரை பேசப்பட்டது. அந்த நகர மேயர் முயற்சி எடுக்க, வெளிநாட்டில் வாழும் இந்தியத் தொழிலதிபர் ஒருவர் 2007இல் 50,000 பவுண்டு கொடுத்தார். சத்ரி சுத்தமாகி, பலப்பட்டு, அடுத்த ஆண்டே மறுபடி அர்ப்பணிக்கப்பட்டது.

ஒரு சமாதிக்கு 50,000 பவுண்டு திரட்ட ஒரு ராஜதந்திரக் கூட்டமும் ஒரு கொடையாளரும் போதும். அதே தொகையை, பெயர் தெரியாத ஆயிரம் கல்லறைகளுக்கு நடுவே போகும் பாதையின் வடிகாலுக்குக் கேட்டுப் பாருங்கள். நினைவு நாளன்று மாலையோடு வருபவர்கள் சத்ரி வரை வந்து திரும்பிவிடுகிறார்கள். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, கொடை எப்போதும் பெயரைத்தான் தேடிப் போகும். கேட்டைத் தினமும் திறக்கும் செலவு அதிலிருந்து வராது.

பிறகு நடந்தது

2010க்குப் பிறகு அறக்கட்டளை வருமானத்துக்குப் பல வழி வைத்துக்கொண்டது. ஆங்கிலிக்கன் கூடத்தில் திருமணம், காபிக்கடை, வழிகாட்டியோடு கல்லறை உலா, நாடகம், இசை, பள்ளிக் குழந்தைகள் வருகை. மறுபடி அடக்கமும் உண்டு: அஸ்தி வைக்க இடம், கல் நடாமல் மரங்களுக்கிடையே செய்யும் இயற்கை அடக்கம். 1837இல் எந்தத் தொழிலுக்காக ஆரம்பித்தார்களோ அதுவும் ஓரத்தில் தொடர்கிறது.

இடுகாட்டில் கல்யாணமா என்று நம் ஊரில் கேட்டால் வாய்பிளப்பார்கள். அங்கேயும் எல்லோருக்கும் ஒப்புதல் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒருவர் துக்கத்தோடு பூ வைத்துக்கொண்டிருக்கும்போது இருபதடி தள்ளிப் படமெடுக்கும் கூட்டம் நிற்பது சங்கடம்தான். கல்யாணப் பணம் கூரையைத் தாங்குகிறது, கூரை இருப்பதால் இடம் திறந்திருக்கிறது, இடம் திறந்திருப்பதால்தான் அவர் பூ வைக்க வர முடிகிறது. நேரத்தையும் பகுதியையும் பிரித்து ஒதுக்கி இதைச் சமாளிப்பதே நடைமுறை.

இன்னொரு இடத்தில் செய்தால் மாற்ற வேண்டியவை

1987இல் எதிர்ப்பு வென்ற உடனேயே கட்டடப் பட்டியல் சட்டத்தைக் கையில் எடுத்திருக்க வேண்டும். கையகப்படுத்தல் உத்தரவு 2001இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் நடந்த சேதத்துக்கும், பின்னால் தேவைப்பட்ட 48 லட்சம் பவுண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. வீட்டுமனைத் திட்டம் நின்றதும் எல்லோரும் ஆசுவாசமாகிவிடுவது இயல்பு. அந்த நேரத்தில்தான் கூரை போகும்.

சாவி வைத்திருந்த தன்னார்வலர்களுக்குச் சட்டப்படி எந்த நிலையும் இல்லை. ஒரு கல் சாய்ந்து யார் மேலாவது விழுந்திருந்தால் பொறுப்பு யாருடையது? இப்படிப்பட்ட இடைக்காலத்தில் மாநகராட்சி எழுத்துமூலம் ஒரு ஏற்பாடும் காப்பீடும் செய்து கொடுப்பது பெரிய செலவில்லை. முதல் வாரத்திலேயே செய்யலாம். புதைப்புப் பதிவேடுகளுக்கும் அதே வாரத்தில் நகல் எடுத்துவிட வேண்டும். நிலத்தைப் பின்னால் சட்டத்தால் மீட்கலாம், தொலைந்த பதிவேட்டை மீட்க வழியில்லை. எந்த மேட்டுக்குக் கீழே யார் என்று சொல்ல அதைவிட்டால் வேறு ஆதாரம் கிடையாது.

பணத்தைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் பல மாநிலங்களில் மனை விற்பனையில் ஒரு பங்கை நிரந்தரப் பராமரிப்பு நிதியாக ஒதுக்கியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. விக்டோரியா காலத்து நிறுவனங்களுக்கு அப்படி ஒரு கட்டாயம் இருந்திருந்தால் இந்த ஆய்வுக்கே வேலை இருந்திருக்காது. இப்போது புதிதாக விற்கும் அஸ்தி இடங்களுக்காவது அதைச் செய்யலாம்.

கடைசியாக, புகழ் பெற்றவரின் சமாதிக்கென்று வரும் கொடை. அதில் பத்தில் ஒரு பங்கு அந்தச் சமாதிக்குப் போகும் பாதைக்கும், பாதையின் இருபுறமும் உள்ள கல்லறைகளுக்கும் என்று கொடையாளரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். பெரும்பாலானவர்கள் மறுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். மறுத்தால் சமாதி வேலையை மட்டும் செய்துவிட்டுப் போக வேண்டியதுதான்.